பெரிய இருவாட்சி: வாழ்வும் வரலாறும்

பெரிய இருவாட்சி மேற்குத் தொடர்ச்சி மலையிலும், இமயமலை அடிவாரத்திலிருந்து சுமாத்திரா வரையுள்ள காடுகளிலும் வாழும் பறவையாகும். இருவாச்சி என்றும் எழுதுவர். உடல் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். எடை 2 முதல் 4 கிலோ. மலையாளத்தில் 'மலமுழக்கி' என்கிறார்கள். மலையே அதிரும்படி கத்துவதால் வந்த பெயர். இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. பறக்கும்போது இறக்கைகளின் இரைச்சல் நீராவி ரயில் வருவதுபோல் வெகுதூரம் கேட்கும்.

1758-இல் லின்னேயஸ் இதற்கு 'பைகார்னிஸ்', அதாவது இரு கொம்புடையது, என்று பெயரிட்டார். மஞ்சள் அலகின்மேல் தொப்பிபோல் அமைந்த பகுதியின் முன்புறம் இரண்டாகப் பிரிந்திருப்பதைக் காணலாம். பார்க்கப் பாரமாகத் தெரிந்தாலும் அதன் உட்புறம் பெரும்பாலும் வெற்றிடமே. அலகைத் தாங்குவதற்காக இருவாட்சிகளின் கழுத்தில் முதல் இரண்டு முள்ளெலும்புகள் ஒன்றாக இணைந்துள்ளன. ஆணின் கண் சிவப்பு, பெட்டையின் கண் வெளிர்நிறம்.

இப்பறவையின் இனப்பெருக்க முறைதான் அறிஞர்களை வியக்க வைத்தது. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1861-62-இல் சுமாத்திராவில் தங்கியிருந்தபோது, அவருடைய வேட்டையாட்கள் ஓர் ஆண் இருவாட்சியைச் சுட்டனர். அடைபட்ட மரப்பொந்துக்குள் இருந்த பெட்டைக்கு அது இரை ஊட்டிக்கொண்டிருந்தது. பிறகு உள்ளூர்க்காரர்கள் பெட்டையையும் குஞ்சையும் எடுத்து வந்தார்கள். புறா அளவில் வளர்ந்தும் ஓர் இறகுகூட முளைக்காத அக்குஞ்சை வாலஸ் வியப்போடு தம் 'மலாய் தீவுக்கூட்டம்' நூலில் (1869) வர்ணித்தார்.

ஆண் பெட்டையைச் சிறை வைப்பதாக நெடுங்காலம் பலர் நம்பினர். உண்மை அதுவன்று. பெட்டை தானே உள்ளே புகுந்து, தன் எச்சத்தையும் உணவின் மிச்சத்தையும் கொண்டு வாசலைப் பூசி அடைக்கிறது; அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் எஞ்சும். உள்ளே சிறகுகளை உதிர்த்து, ஒன்றிரண்டு முட்டையிட்டு அடைகாக்கும். ஆண் அத்தி, ஆல், இச்சிப் பழங்களைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் வெளியேறும். குஞ்சு வாசலை மீண்டும் அடைத்துக்கொள்ளும்! முழுச் சுற்றும் முடிய ஏறக்குறைய நான்கு மாதம். இடையில் ஆண் சுடப்பட்டால் உள்ளேயிருக்கும் உயிர்களுக்குப் பெரும்பாலும் பட்டினிதான்.

இந்தியப் பறவையியல் வரலாற்றில் ஒரு தனிப் பறவைக்கே இடமுண்டு. 1894-இல் கார்வார் பகுதியிலிருந்து மூன்று மாதக் குஞ்சாக பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு வந்த 'வில்லியம்' என்ற இருவாட்சி, 1920 வரை அக்கழகத்தின் அலுவலகத்திலேயே வாழ்ந்தது. செயலாளர் மில்லார்டின் நாற்காலிக்குப் பின்னால் அதன் கூண்டு. எறியும் டென்னிஸ் பந்தை அலகால் லாவகமாகப் பிடிக்குமாம். கம்பித் துண்டு ஒன்றை விழுங்கியதால் இறந்ததாகக் கருதப்படுகிறது. அதன் உருவமே கழகத்தின் சின்னமானது; மும்பையிலுள்ள தலைமையகமும் 'இருவாட்சி இல்லம்' என்றே பெயர் பெற்றது. வெளியே துணையோடு பறந்திருக்க வேண்டிய பறவை 26 ஆண்டுகள் கூண்டில் கழித்ததை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது.

இருவாட்சிக்குத் தானாகப் பொந்து குடையத் தெரியாது. உட்புறம் மக்கிக் குழிந்த முதிர்ந்த பெருமரங்கள் வேண்டும். கிடைத்த பொந்தை ஆண்டுதோறும் பயன்படுத்தும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனைமலையில் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்காகக் காடு திருத்தப்பட்டபோது அத்தகைய மரங்களே முதலில் வீழ்ந்தன. பழக்கொட்டைகளைக் காடெங்கும் பரப்பும் பறவை குறைந்தால், புதிய மரங்கள் முளைப்பதும் குறைகிறது.

அருணாசலப் பிரதேசத்தில் நிஷி பழங்குடி ஆண்களின் தொப்பியில் இருவாட்சியின் அலகு சூடுவது மரபு. வேட்டையைக் குறைக்க, கண்ணாடியிழையால் செய்த அலகுகள் அங்கே அறிமுகமாயின. மரபும் போகவில்லை, பறவையும் பிழைத்தது, நல்ல ஏற்பாடு. கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர் மக்கள், முன்பு குஞ்சுக்காக ஏறிய மரங்களின் கூடுகளையே இப்போது காவல் காக்கிறார்கள். பெரிய இருவாட்சி கேரளம், அருணாசலப் பிரதேசம் இரண்டுக்கும் மாநிலப் பறவையாகும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018-இல் இதனை 'அழிவாய்ப்புள்ள இனம்' என வகைப்படுத்தியது.