பெயரையும் முகத்தையும் மறைத்த மெட்டல் இசைக்குழு: யார் இந்த ‘ஹீத்தன் பீஸ்ட்’?

சமயத்தையும் அரசியலையும் கடுமையாக விமர்சிக்கும் மெட்டல் இசைக்குழு, கொல்கத்தாவைச் சேர்ந்த ‘ஹீத்தன் பீஸ்ட்’. அமெரிக்காவின் ‘ஸ்லிப்நாட்’ குழுவினருக்கு முகமூடி ஒரு மேடை அடையாளம். அவர்களின் இயற்பெயர்களை ரசிகர்கள் அறிவர். இந்த மூவரோ இயற்பெயரையும் வெளியிடவில்லை. சார்வாகம், சாங்கியம், மீமாம்சை ஆகிய இந்தியத் தத்துவ மரபுகளைத் தழுவியவை அவர்களின் புனைபெயர்கள்.

1992-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டதை ‘அயோத்தியா பர்ன்ஸ்’ என்ற படைப்பில் பாடினர். 2020-ஆம் ஆண்டு ஆல்பத்தில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைச் சாடினர். தீய நோக்கத்துடன் மத உணர்வுகளைப் புண்படுத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இந்தியச் சட்டத்தில் இடமுண்டு. எனவே, மறைந்திருப்பதே அவர்களுக்கு அரண். ஆனால், கிடைக்கும் பாராட்டையும் சொந்தப் பெயரில் ஏற்க இயலாது என்பதே அதற்கான விலை.