பொஸ்டன் தேயிலையும் எங்கள் மலைத் தேயிலையும்

வரலாற்றுப் பாடத்தில் அமெரிக்க சுதந்திரப் போராட்டம் வந்த நாளை எங்களில் பலர் மறந்திருக்க மாட்டோம். 1773 டிசெம்பர் 16ஆம் திகதி பொஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள் என்றதும், கொழுந்தெடுக்கும் அம்மாமாரின் பிள்ளைகளான நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அது எங்கள் தேயிலையோ என்று கேட்டவர்களும் உண்டு. இல்லை, அது சீனத் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867இல்தான். அப்போது ஊவா மலைகளில் இருந்தது கோப்பி.

ஆனாலும் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. அமெரிக்காவைப் பற்றிய புத்தகங்களில் நாங்கள் எங்கே இருக்கிறோம்?

வடக்கில் அமெரிக்க மிஷன் 1824இலேயே உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது. நியூயோர்க்கிலிருந்து வந்த எலைசா அக்னியூ அம்மையார் 1840 முதல் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். 1896இல் கொழும்புக்கு வந்த எழுத்தாளர் மார்க் ட்வெயின், ஒரு மிஷன் பாடசாலையிலிருந்து இரண்டிரண்டாக வரிசையில் வந்த 16 சிறுமிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்களின் ஐரோப்பிய உடை அவர் கண்ணை உறுத்தியது. அந்தப் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று அவர் எழுதவில்லை.

எங்கள் மலைக்கு மேலே தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டனும் அமெரிக்காவைக் கண்டவரே. இளைஞராக இருந்தபோது வேர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலினாவில் நெல் தோட்டத்திலும் வேலை பார்த்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல். அதை ஒட்டிய ஆண்டுகள் அவை.

அத்தகைய தோட்டங்களில் உழைத்தவர்கள் தாமே எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன. பிரெடரிக் டக்ளஸ் சிறுவனாக இருந்தபோது எசமானி அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார், கணவர் தடுத்துவிட்டார். தடுத்ததிலிருந்தே படிப்பின் பெறுமதியை உணர்ந்ததாக டக்ளஸ் 1845இல் வெளிவந்த தம் வரலாற்றில் சொல்கிறார். ஹரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண், பாட்டி வீட்டின் தாழ்ந்த கூரைக்கடியில் ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஒளிந்திருந்து தப்பியவர். அவருடைய நூல் 1861இல் வந்தது.

எங்கள் முன்னோர் விலைக்கு விற்கப்பட்ட அடிமைகள் அல்லர். இரண்டையும் ஒன்றென்று சொல்வது தவறு. ஆயினும் ஒரு பக்கத்தில் நாங்கள் நின்றுவிடுகிறோம். 1868இல் வந்த 14ஆவது திருத்தம், அமெரிக்காவில் பிறந்து அதன் சட்டத்துக்கு உட்பட்டோர் அந்நாட்டுப் பிரசைகள் என்றது. வாக்குரிமையை உறுதியாக்க 1965 வரை கறுப்பின மக்கள் போராட வேண்டியிருந்தது உண்மை. ஆனால் 80 ஆண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிமாரிடம், இங்கே பிறந்தது மட்டும் போதாது, தகப்பன் வழிப் பிறப்பையும் காட்டு என்றது. லயத்தில் பிறந்தவர்களிடம் ஏது அந்தக் கடதாசி? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் மலையகமெங்கும் பிள்ளைகள் பெற்றோருடன் கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போனார்கள். எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இதனால்தான் அமெரிக்க வரலாற்றை வேற்று நாட்டுக் கதையாக எங்களால் வாசிக்க முடியவில்லை. உரிமை ஒரு வரியில் எழுதப்படுகிறது, ஒரு வரியில் பறிக்கப்படுகிறது. வாசிக்கத் தெரிந்தவரே அந்த வரியைக் கேள்வி கேட்கலாம்.

உலகெங்கும் வாழும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். பாடசாலை நூலகத்துக்குப் புத்தகம் அனுப்பும்போது ஜனாதிபதிகளின் வரலாற்றோடு டக்ளஸையும் ஜேக்கப்ஸையும் சேர்த்து அனுப்புங்கள். ஆங்கிலம் நன்கறிந்தவர்கள் ஓர் அத்தியாயத்தையாவது எளிய தமிழில் எழுதித் தாருங்கள். அவற்றை சி.வி. வேலுப்பிள்ளையின் நூல்களுக்குப் பக்கத்திலேயே அடுக்கிவைப்போம். இரண்டையும் கையிலெடுக்கும் பிள்ளை, நாங்கள் அன்று கேட்டதைவிடப் பெரிய கேள்வியைக் கேட்கட்டும்.