அசைவின்மையும் வேதனையின்மையும்: ஊவாத் தோட்டப்புறக் கால்நடைச் சத்திரசிகிச்சை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மனிதனுடைய நோயையும் மனிதன் பெற்ற நிவாரணத்தையும் பற்றியதாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும் இன்று வைத்தியசாலைகளில் நோயாளியின் கையிலே ஏற்றப்படும் நாளவழி மருந்து முதன்முதலிற் செலுத்தப்பட்டது ஒரு நாயின் நாளத்தினுள்ளேயாகும். 1656ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் நகரிலே கிறிஸ்தோபர் ரென் என்பார், ரொபேட் பொயில் முதலியோரின் துணையுடன், இறகுத்தண்டு ஒன்றையும் சவ்வுப்பை ஒன்றையும் கருவியாகக் கொண்டு அபின் கலந்த மதுவை நாயொன்றின் நாளத்திற் செலுத்தினார். நாய் மயங்கியது, பின்னர் உயிர் பிழைத்தது. விலங்கின் உடலிலே பிறந்த இம்முறை மனிதனுக்குப் பெரும்பயன் அளித்தது. ஆனால் சத்திரசிகிச்சைக்கு உள்ளாகும் விலங்கின் வேதனையைத் தணிக்கும் நோக்குடன் அது மீண்டும் விலங்கிடம் வந்து சேர்வதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற் சென்றன.

இத்தாமதத்திற்கு மருந்தின்மை மாத்திரம் காரணமன்று. விலங்கு அசையாதிருந்தாற் போதும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அசைவின்மையே வேதனையின்மை என மயங்கியமையே தாமதத்தின் முதற் காரணமாகும். அந்த மயக்கம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நீங்கியது, பதுளை மாவட்டத் தோட்டப்புறங்களின் வாழ்வோடு அதற்குள்ள தொடர்பு யாது என்பன ஆராயத்தக்கன.

பண்டை மரபு

இலங்கையின் வரலாற்று நூலாகிய சூளவம்சம், கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் ஆட்சி புரிந்த புத்ததாச மன்னனைச் சிறந்த வைத்தியனாகப் போற்றுகின்றது. யானைகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியரை நியமித்தவன் அவன் எனவும் அந்நூல் கூறும். வயிற்றிலே கட்டியுற்று வருந்திய நாகமொன்றை அவன் வழியிற் கண்டான். அது தன் தலையைப் புற்றினுள் நுழைத்து அசையாது கிடக்க, அவன் அதன் வயிற்றைக் கீறி நோயை அகற்றி மருந்திட்டான் என்பது கதை. கதையின் உண்மை எவ்வாறாயினும், அது காட்டும் மனப்பாங்கு கருத்திற் கொள்ளத்தக்கது. வைத்தியனுக்கு வேண்டியது கைத்திறன். விலங்குக்கு வேண்டியது பொறுமை. விலங்கு பொறுத்துக்கொண்டது என்பதே அதன் பெருமையாகப் பேசப்படுகின்றது. அது பட்ட வேதனை பேசப்படவில்லை.

கிராமிய மரபும் இதிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. மாட்டுவாகடம் எனப்படும் ஏட்டுமருத்துவ மரபு பச்சிலை, எண்ணெய், பற்று, சூடு முதலியவற்றால் நோய் தீர்க்க முயன்றது. ஆனால் கத்தி வைக்கவேண்டிய இடத்திலும் காயடிக்கவேண்டிய இடத்திலும் மருந்தின் தொழிலைக் கயிறே செய்தது. கால்களைப் பிணைத்து, மாட்டை வீழ்த்தி, நாலைந்து பேர் அமர்ந்து அழுத்திக்கொள்வர். மாடு அசையாது கிடந்தால் வேலை எளிதாக முடியும். அது கொடுமை செய்யும் நோக்கினாற் பிறந்த வழக்கமன்று. வேறு வழியில்லாமையாற் பிறந்த வழக்கம் எனலே பொருந்தும்.

வண்டிமாடும் தோட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊவா மலைகளிலே கோப்பியும், அதனைத் தொடர்ந்து தேயிலையும் பயிராயின. புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இலேயே பதுளையையும் அடைந்தது. அதற்கு முன்னர் விளைபொருளைச் சுமந்தவை தவளமாடுகளும் இரட்டைமாட்டு வண்டிகளுமாகும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை ஆகிய பகுதிகளின் செங்குத்தான பாதைகளிலே குளம்பு தேய்ந்தும், கழுத்துப் புண்ணாகியும், கால் முறிந்தும் துன்புற்ற எருதுகளின் உழைப்பின்றித் தோட்டங்கள் வளர்ந்திருக்க முடியாது.

எனினும் அக்காலத்து அரச மிருகவைத்தியத்தின் கவனம் தனித்ததொரு விலங்கின் வேதனை மீது சென்றிலது. கொள்ளைநோய் மீதே சென்றது. ரின்டர்பெஸ்ற் எனப்பட்ட மாட்டுக் கொள்ளைநோய் மந்தை மந்தையாக மாடுகளை அழித்தது. அது உலகிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்டமை 2011இலேயே அறிவிக்கப்பட்டது. நோயுற்றவற்றைப் பிரித்தலும் போக்குவரத்தைத் தடைசெய்தலும் மிருகவைத்தியரின் தலையாய பணிகளாயிருந்த காலத்தில், சத்திரசிகிச்சை அருமையான ஒன்றாகவே இருந்தது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் கோப்பித் தோட்டத் தொழிலாளரின் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தபோதும், அதன் பின்னணியில் உழைப்பாற்றலைக் காக்கும் நோக்கமும் இருந்தது. தொழிலாளியின் உடலும் எருதின் உடலும் ஒரே தராசிலேயே நிறுக்கப்பட்டன எனலாம்.

1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்குகளுக்குக் கொடுமை செய்தலைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் ஒரு முன்னேற்றமே. ஆயினும் அது அடித்தல், மிகைச்சுமை ஏற்றல் முதலிய கொடுமைகளைத் தண்டிக்க முனைந்த சட்டமாகும். பிரித்தானியாவிலோ 1919இல் நிறைவேறிய தனிச்சட்டம், குறிப்பிட்ட சில சத்திரசிகிச்சைகளின்போது விலங்குக்கு மயக்கமருந்து கொடுத்தலைக் கட்டாயமாக்கியது. கொடுமையைத் தவிர்த்தல் வேறு, வேதனையைத் தணித்தல் வேறு என்ற வேறுபாடு இவ்விரு சட்டங்களாற் புலனாகின்றது.

மருந்தின் வளர்ச்சி

1814இல் இலண்டனிலே சாள்ஸ் வாட்டர்ட்டன் என்பார் ஒரு பெண்கழுதைக்குத் தென்னமெரிக்க அம்புநஞ்சாகிய குராரேயைச் செலுத்திய பரிசோதனை புகழ்பெற்றது. கழுதையின் தசைகள் அனைத்தும் செயலிழந்தன. துருத்தியாற் காற்றூட்டி அதன் உயிர் காக்கப்பட்டது. பிற்கால ஆய்வுகள் இந்நஞ்சு தசைகளை முடக்குமேயன்றி உணர்வைப் போக்காது எனத் தெளிவாக்கின. அசைவற்றுக் கிடக்கும் உடலினுள்ளே வேதனை முழுமையாக விழித்திருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

1846இல் ஈதரும் 1847இல் குளோரபோமும் மனித சத்திரசிகிச்சையிற் புகுந்தன. விலங்குகளிலும் விரைவிற் பரிசோதிக்கப்பட்டன. பிரான்சின் போர்தோ நகரைச் சேர்ந்த பியர் சிப்ரியன் ஓரே 1872 முதல் குளோரல் ஐதரேற்றை விலங்குகளின் நாளத்திற் செலுத்தி ஆராய்ந்தார். 1874இல் மனிதரிலும் கையாண்டார். அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பெருவிலங்குகளை நாளவழியே உறங்கவைக்கும் முதன்மை மருந்தாக அதுவே விளங்கியது. எனினும் அதற்குப் பெருங்குறை ஒன்றிருந்தது. அது ஆழ்ந்த உறக்கத்தைத் தருமேயன்றி வேதனையைப் போக்கும் ஆற்றல் மிகக் குறைந்தது. நாளத்திலிருந்து வெளியே கசிந்தால் சுற்றியுள்ள இழையத்தை அழுகச்செய்யும் இயல்பும் அதற்குண்டு. கயிற்றின் இடத்தை உறக்கம் பிடித்ததேயன்றி, வேதனை பற்றிய வினா விடையின்றியே நின்றது.

மாட்டைப் பொறுத்தவரையில் இன்னொரு தடையும் உண்டு. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பை மிகப் பெரியது. உணவும் நீரும் எப்பொழுதும் நிறைந்தது. முழு மயக்கத்திலே மாட்டைக் கிடத்தினால் வாயு தங்கி வயிறு ஊதும். இரைப்பை நுரையீரலை நெருக்கும். உணவு மேலெழுந்து சுவாசக்குழாயினுட் புகும். ஆதலால் மாட்டுக்குப் பெரும்பாலும் நின்றநிலையிலேயே, விறைப்பூசியின் துணையுடன் சத்திரசிகிச்சை செய்யப்படுகின்றது. 1884இல் கொக்கெயினுடன் தொடங்கிய இம்முறை, 1943இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட லிக்னோகேயின் வந்தபின் உறுதியும் பாதுகாப்பும் பெற்றது. முதுகெலும்பின் பக்கத்தே வெளிப்படும் நரம்புகளை விறைக்கச்செய்தால், மாடு நின்றபடியே இருக்க அதன் இடப்பக்க விலாவைத் திறக்கலாம்.

லயத்துப் பசு

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1947இல் மிருகவைத்தியக் கல்வி தொடங்கியது. 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் மிருகவைத்தியத் தொழிலை ஒழுங்குபடுத்தியது. 1978இல் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் தனித்தியங்கத் தொடங்கியது. 1980இற் பேராதனையில் தனி மிருகவைத்திய பீடம் தோன்றியது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தைத் தொடர்ந்து இத்துறையின் பல பொறுப்புகள் மாகாணங்களுக்குச் சென்றன.

இந்நிறுவனங்கள் வளர்ந்த காலத்தில் ஊவாத் தோட்டங்களிலே மாட்டின் நிலையும் மாறிவிட்டது. வண்டிமாட்டின் இடத்தை லொறி பிடித்தது. லயத்துக்கு அருகிலுள்ள மாட்டுப்பட்டியிலே கட்டப்பட்ட கறவைப்பசு முதன்மை பெற்றது. அது துரையின் சொத்தன்று. தொழிலாளர் குடும்பத்தின் சொத்து. கொழுந்தெடுத்துத் திரும்பும் பெண், தலையிலே புற்கட்டுடன் பட்டிக்குச் செல்வாள். பால் விற்ற காசு பிள்ளையின் பாடசாலைச் செலவாகும். சாணம் மரக்கறித் தோட்டத்தின் உரமாகும். நாட்சம்பளத்தையே நம்பிய குடும்பத்துக்கு அப்பசு ஒன்றே சேமிப்பு.

மலைநாட்டின் குளிருக்கு ஏற்ற ஜேர்சி, பிரீசியன், அயர்சயர் இனங்களும் செயற்கைமுறைச் சினைப்படுத்தலும் பாலைப் பெருக்கின. ஆனால் சிறிய உடலமைப்புடைய பசுவின் வயிற்றிலே பெரிய கன்று உருவாகுமாயின் ஈற்றிடர் நேரும். நள்ளிரவிலே கன்றின் கால் மாத்திரம் வெளியே தோன்றி நிற்க, ஆண்கள் பலர் கயிறிட்டு இழுப்பது தோட்டப்புறங்கள் அறிந்த காட்சியாகும். கன்றைப் புறத்தே எடுக்க இயலாதபோது சீசேரியன் சத்திரசிகிச்சை ஒன்றே வழி. நகரத்திலுள்ள மிருகவைத்தியர் மலைப்பாதையிலே வந்துசேர வேண்டும். வந்தபின் லாம்பொளியிலோ மின்சூள் ஒளியிலோ பணிபுரிய வேண்டும். அத்தருணத்திற் பசு களைத்து, குருதியிழந்து, அதிர்ச்சி நிலையை நெருங்கியிருக்கும். அது கதறுவதும் இல்லை. வேட்டையாடப்படும் விலங்கினத்தின் இயல்பின்படி வேதனையை மறைத்து அமைதியாக நிற்கும். அசைபோடாமை, பல்லை நறநறத்தல், முதுகை வளைத்து நிற்றல், காதுகள் பின்சாய்தல் ஆகியனவே அதன் மொழி. அம்மொழியை அறியாதவர் பசு பொறுத்துக்கொள்கிறது என்பர். பழைய மயக்கம் அங்கே மீண்டும் தலைகாட்டுகின்றது.

துளித்துளியாக ஏற்றல்

1962இல் சைலசீனும் கெற்றமினும் உருவாக்கப்பட்டன. அவற்றின் வருகை கால்நடை மயக்கமருந்தியலை மாற்றியது. மாடு சைலசீனுக்கு மிக எளிதில் வசப்படும். குதிரைக்குரிய அளவிற் பத்திலொரு பங்கே அதற்குப் போதும். எனினும் சைலசீன் கருப்பையைச் சுருங்கச்செய்யும் ஆதலால், சினைப்பசுவிடம் மிகுந்த அவதானம் வேண்டும்.

ஒரேமுறை செலுத்திய மருந்து குருதியிலே விரைந்து உயர்ந்து பின் தாழும். உயர்ந்தபோது சுவாசமும் இதயமும் தளரும். தாழ்ந்தபோது வேதனை திரும்பும். நாளத்திற் பொருத்திய மென்குழாயினூடாகச் சிறிய அளவைத் தொடர்ந்து ஏற்றினால் இவ்வேற்றத்தாழ்வு நீங்கும். அதிர்ச்சியுற்ற உடலிலே தசையிற் செலுத்திய மருந்து செவ்வனே உறிஞ்சப்படாது. நாளமே நம்பத்தக்க வழி. சேலைனும் வேதனைநீக்கியும் ஒரே வழியாற் செல்லலாம். 2003இல் வெளியான ஆய்வொன்றில், மோபின், லிக்னோகேயின், கெற்றமின் ஆகிய மூன்றையும் நாய்களுக்கு இவ்வாறு ஏற்றியபோது, மயக்கநிலையைப் பேணத் தேவைப்பட்ட மயக்கவாயுவின் அளவு குறைந்தமை காட்டப்பட்டது. அவற்றுள் கெற்றமினின் அளவு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நிமிடத்துக்கு 10 மைக்கிரோகிராம் மாத்திரமே. மூன்று மருந்துகளும் வேதனைச் செய்தியை வெவ்வேறு இடங்களிலே தடுப்பதால் ஒவ்வொன்றும் சிறிதளவே போதுமாகின்றது. எல்லா விலங்குக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதும் மறக்கற்பாலதன்று. பூனையின் இதயத்தை லிக்னோகேயின் தளரச்செய்வதால், பூனைக்கு அதனை இவ்வாறு ஏற்றுவது தவிர்க்கப்படுகின்றது.

இங்கேதான் நெடிய மயக்கம் நீங்குகின்றது. அசைவை அடக்குவது ஒரு பணி. வேதனையைத் தணிப்பது மற்றொரு பணி என இரண்டும் வேறாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து வகுக்கப்படுகின்றது. வேதனை பற்றிய ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979இல் வெளியிட்ட வரைவிலக்கணத்தை 2020இல் திருத்தியபோது, பேசிப் புலப்படுத்த இயலாமை, மனிதனோ விலங்கோ வேதனையுறுவதை மறுக்கும் சான்றாகாது எனத் தெளிவுபடுத்தியது.

ஆயினும் அறிவு வந்துவிட்டால் உதவியும் வந்துவிடும் என்பதற்கில்லை. 2020 மே மாதத்தில் மத்திய மலைநாட்டின் நல்லதண்ணிப் பகுதியிலே கம்பிக் கண்ணியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, ஊவாவின் எல்லையிலுள்ள உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிகிச்சையளிக்கப்பட்டும் சில நாட்களில் உயிரிழந்தது. நாடெங்கும் பேசப்பட்ட அரிய விலங்குக்கே சிகிச்சைக்காக நெடுந்தூரம் செல்லவேண்டியிருந்ததெனில், பெயரறியாத லயத்துப் பசுவின் நிலையை ஊகித்தல் அரிதன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். வேதனைநீக்கத்தின் வரலாறு மருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டுகளின் வரிசை மாத்திரமன்று. யாருடைய வேதனை கணக்கிற் கொள்ளப்பட்டது, யாருடைய மௌனம் பொறுமையெனப் பெயரிடப்பட்டது என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. ஊவாத் தோட்டப்புறத்துக்கு முதலில் வேண்டியது விலையுயர்ந்த பம்பியும் கருவியும் அன்று. இரவிலும் வரக்கூடிய மிருகவைத்தியர், வாகனம் செல்லத்தக்க பாதை, செவ்வனே இடப்பட்ட விறைப்பூசி, சத்திரசிகிச்சை முடிந்தபின்னும் தொடரும் வேதனைநீக்கி ஆகியனவே முதலில் வேண்டியவை. இவை கிட்டினால் பசுவின் துன்பம் குறையும். ஒரு குடும்பத்தின் சேமிப்பும் காக்கப்படும். பசு அசைபோடாது நிற்பதைக் கண்டவுடனே அதன் வேதனையை உணர்ந்துகொள்ளும் பெண்கள் அத்தோட்டங்களிலே பலர் உளர். அவர்களது அறிவும் மிருகவைத்தியரது மருந்தும் விடியுமுன் ஒரே பட்டியிற் சந்திக்க வழிசெய்வதே இவ்வரலாறு இன்று விட்டுவைத்துள்ள கடமையாகும்.