த்ரீ நாட் த்ரீயும் அதன் மறுபிறவிகளும்

கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் முதலில் சுட்டது பெரும்பாலும் ‘பாயின்ட் டூ டூ’ துப்பாக்கியாகத்தான் இருக்கும். பார்வைக்கு அசல் ராணுவத் துப்பாக்கி, தூக்கினால் அதே கனம். சுட்டால் மட்டும் ஓலைப்பட்டாசு மாதிரி ஒரு ‘டப்’. தோளில் உதையே இருக்காது. த்ரீ நாட் த்ரீயைப் பற்றிக் கதை கதையாகக் கேட்டுவிட்டுப் போன எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். அந்தப் பயிற்சித் துப்பாக்கிகளில் ஒரு வகை, பழைய த்ரீ நாட் த்ரீயில் சின்னக் குழல் பொருத்தி மாற்றியது என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

.303 என்பது குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். மில்லிமீட்டரில் சுமார் 7.7. அதைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். நம் நாட்டில் இரண்டும் நடந்திருக்கிறது. ஏன் மாற்றினார்கள் என்று பார்த்தால், நம்மை ஆண்டவர்களின் மனசும் கொஞ்சம் புரிகிறது.

1857 சிப்பாய்ப் புரட்சிக்குத் தீ வைத்தது என்ஃபீல்டு துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டா. இது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. பிறகு அந்தத் துப்பாக்கிக்கு என்ன நடந்தது என்பது பாடத்தில் இல்லை. அதன் குழலுக்குள் திருகு வரிகள் இருக்கும். குண்டைச் சுழற்றி நேராக, தூரமாக அனுப்புவது அவைதான். இந்தியச் சிப்பாய்களுக்கு இனிமேல் இது வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். 1858 மாடலில் அந்த வரிகளைக் கடைந்து எடுத்து, .577 ஆக இருந்த குழலை .656 ஆக்கி வழுவழுப்பாக்கிக் கொடுத்தார்கள். தூரத்துக்கு ஏற்ற மாதிரி உயர்த்தித் தாழ்த்தும் குறிமுனையையும் எடுத்துவிட்டார்கள். கடைந்ததில் குழல் மெலிந்து நசுங்க ஆரம்பித்ததால், மறு வருஷமே தடித்த குழலோடு இன்னொரு மாடல் வந்தது. நல்ல துப்பாக்கியை மெனக்கெட்டு மட்டமாக்கியிருக்கிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய் கையில் மட்டும் வரியுள்ள துப்பாக்கியே இருந்தது.

அதே புத்தி இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை. அங்கே த்ரீ நாட் த்ரீயை எடுத்து, .410 அளவில் வரியில்லாத குழல் போட்டு, மேகசின் இடத்தில் மரக்கட்டையை அடைத்து, போலீசுக்கும் சிறைக் காவலுக்கும் ‘மஸ்கட்’ செய்தார்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு தோட்டா. கூட்டத்தில் சுட்டால் குண்டு நாலு தெரு தாண்டிப் போகாது. யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடினாலும் பெரிய ஆபத்தில்லை, ராணுவத் தோட்டா அந்த அகலக் குழலில் கடகடவென்று ஆடும். காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரன் போன பிறகும் பல பத்தாண்டுகள் நம் போலீஸ் அந்த மஸ்கட்டையே சுமந்தது.

1962இல் நிலைமை தலைகீழ். சீன வீரர்கள் கையில் விசையை இழுக்க இழுக்கத் தானாகவே அடுத்த தோட்டா ஏறும் துப்பாக்கி. நம்மவர் கையில் ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய த்ரீ நாட் த்ரீ. லடாக்கில் ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் குமாவுன் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் நவம்பர் 18 அன்று அந்தத் துப்பாக்கியோடுதான் கடைசி வரை நின்று மடிந்தார்கள்.

போருக்குப் பின் 7.62 மி.மீ. தோட்டாவில் சுடும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியை இஷாப்பூரில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் உடனே எட்டுமா? அதுவரை சமாளிக்க, பழைய த்ரீ நாட் த்ரீ வடிவத்திலேயே, அந்தப் புதுத் தோட்டாவைச் சுடும்படி ஒன்று செய்தார்கள். 2ஏ என்று பெயர். 1965 முதல் 2ஏ1.

இதில்தான் எனக்கும் என் காலை நடைக் கூட்டாளிக்கும் சண்டை. அவர் ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். “சார், அது பழைய த்ரீ நாட் த்ரீதான். குழலை மட்டும் மாத்தினான்” என்பார். சர்வீஸ் முழுக்க அதைத் துடைத்து எண்ணெய் போட்டவர். அவரிடம் மறுத்துப் பேச எனக்கும் கூச்சம்தான். ஆனால் விஷயம் அப்படியில்லை. .303 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். புதுத் தோட்டாவில் அது கிடையாது, நீளமும் குறைவு. அதனால் தோட்டாவைப் பற்றி இழுக்கும் கொக்கி மாற வேண்டும், மேகசின் மாற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், புதுத் தோட்டாவின் அழுத்தம் அதிகம். சுடுகிறவன் முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிற காரியம் இது. ஆகவே இஷாப்பூர்க்காரர்கள் பழசைத் தட்டி ஒட்டவில்லை. இன்னும் உறுதியான எஃகில் உடம்பையே புதிதாகச் செய்தார்கள். இங்கிலாந்தில் பழைய துப்பாக்கிகளையே 7.62க்கு மாற்றியதும் உண்மை. அங்கே எடுத்துக்கொண்டது இரண்டாம் உலகப் போர்க்கால ‘நம்பர் 4’ மாடல், இதைவிடக் கட்டுமானம் பலமானது. அப்படி மாறியதுதான் 1982 ஃபாக்லாந்து போரில்கூட அவர்களுடைய குறிசுடும் வீரர்களிடம் இருந்த எல்42.

2ஏ வந்தபோது அதன் குறிமுனையில் பழைய வழக்கப்படி 2000 வரை தூரம் குறித்திருந்தது. 2ஏ1இல் அதை 800 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். ஒருவர் வெறுங்கண்ணால் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் எதைக் குறி பார்ப்பார் என்று யாரோ கேட்டிருக்க வேண்டும்.

உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தது.

நண்பரிடம் போன வாரம் இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். த்ரீ நாட் த்ரீயின் மேகசின் அடிப்பக்கம் சரிவாக இருக்கும், 2ஏ1இல் பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். “எங்க ஸ்டோர்ல ரெண்டு மாதிரியும் இருந்துச்சு சார். இது அடிவாங்கி நசுங்கினதுன்னுல்ல நெனச்சோம்” என்றார், சரிந்த மேகசினைக் காட்டி.