காரைக் களிமண்ணுக்கு வயசு சொல்வது யார்?

பனவடலிசத்திரத்துப் பக்கம் கிணறு வெட்டினால் வருகிற பாறையில் சிப்பி தேடுவது வீண்வேலை. ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை அது. தென் தமிழகத்தின் இந்தப் பாறைத்தொகுதி சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெப்பம் கண்டது என்று சொல்வது, சிர்கான் மணிகளுக்குள் யுரேனியம் ஈயமாகச் சிதைந்த அளவு. வேறு சாட்சி தேடி உயிர்த்தடத்திடம் போக முடியாது. திருச்சிக்கு வடக்கே காரை, கருடமங்கலம், அரியலூர் என்று போனால் நிலைமை தலைகீழ். ஓடைக்கரையெல்லாம் சிப்பி, ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட். ஆனால் அந்தக் கடல்மண்ணில் சிர்கானை எடுத்துச் சோதித்தால் கிடைப்பது, தேய்ந்து மணலாய் வந்து சேர்ந்த பழம்பாறையின் வயசு. பேரனுக்கு வயசு கேட்டால் பாட்டி வயசைச் சொன்ன கதைதான்.

ஆகவே முதலில் சிப்பிகள்தான் பேசின. 1840களில் கேயும் கன்லிஃபும் சேகரித்து அனுப்பியவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். ப்ளான்ஃபோர்ட் 1862இல் அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பிரித்தார். ஸ்டோலிச்கா அந்த உயிர்களைப் பெருந்தொகுதிகளில் பட்டியலிட்டார். இதெல்லாம் வரிசை மட்டுமே. எது முன், எது பின் என்று தெரியும், எத்தனை கோடி என்று தெரியாது. வரிசைக்கு வைத்த பெயர்களும் ஐரோப்பிய ஊர்களிலிருந்து வந்தவை. காரைக் களிமண்ணின் ஒரு பகுதி 'சினோமேனியன்', அதாவது பிரான்சின் லெ மான் நகரத்துக் காலம். இதைக் காலனியக் கதையாடல் என்று சொல்லித் தள்ளிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் தள்ளிவிட்டால் கையில் என்ன மிஞ்சும்?

ஐசோடோப் வந்து விடுவித்துவிடும் என்பவர்கள் உண்டு. கடல்நீர் உலகமெங்கும் கலந்துவிடுவதால், ஒரு காலத்துச் சிப்பிகளில் ஸ்ட்ரான்சியம் 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் எல்லாக் கடலிலும் ஏறக்குறைய ஒன்றே. துரோனியனில் சுமார் 0.7073 ஆக இருந்தது கிரிட்டேசியஸ் முடிவில் 0.7078 ஆக உயர்ந்தது. நான்காம் தசமத்தில் ஓடுகிற கடிகாரம். ஆனால் அந்த ஏற்றக்கோட்டை வரைந்ததே அம்மோனைட் வரிசையை வைத்தும், அதே அம்மோனைட்டுகள் கிடக்கும் வட அமெரிக்க அடுக்குகளுக்கு இடையிலுள்ள எரிமலைச் சாம்பலின் ஆர்கான் கணக்கை வைத்தும்தான். எண் சிப்பியின் தோளில் நிற்கிறது. மேலும் மழைநீர் ஊறி ஓடு மாறியிருந்தால் வருகிற விகிதம் கடலுடையது அல்ல. ஆய்வுக்கருவி அப்போதும் தயங்காமல் ஒரு எண்ணைக் கொடுத்துவிடும்.

அடுக்கு கலையாமல் இருந்தால்தான் இரண்டு சாட்சியும் செல்லும். கல்லக்குடி என்ற பெயருக்காக 1953இல் போராட்டம் நடந்தது. ரயில் நிலையத்தின் பெயரும் பின்னர் மாறியது. நிலவியல் நூல்களில் அந்தப் பாறை இன்றும் 'டால்மியாபுரம் அடுக்கு'தான். சிமெண்டுக்காக அங்கே வெட்டுவது பவளமும் பாசியும் கட்டிய சுண்ணாம்புக்கல். குவாரியின் சுவர்தான் ஆய்வாளனுக்கு அடுக்கைத் திறந்து காட்டுகிறது, அடுத்த வெடியில் அதைத் தின்றும் விடுகிறது. லாரியில் ஏறின சிப்பியில் ஸ்ட்ரான்சியம் அப்படியே இருக்கும். அது எதற்கு மேல் கிடந்தது, எதற்குக் கீழ் கிடந்தது என்பது இருக்காது.