கனவைப் பயின்ற பிரெஞ்சு அறிஞர்

கனவு தானே வருவது, தானே போவது. அதில் மனிதன் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பது நம்மிற் பெரும்பாலோர் எண்ணம். நனவு, கனவு, உறக்கம் என அவத்தைகளை வகுத்தாராய்வது நம் நாட்டுக்குப் பழைய வழக்கு. திபெத்தியப் பௌத்தரோ கனவை ஒரு யோகமாகவே பயின்றனர். ஆயினும், வீடுபேற்றை நோக்காமல், அறிவு வேட்கை ஒன்றினாலேயே, ஏடும் எழுதுகோலும் துணையாகக் கனவைப் பயின்ற ஒருவரின் வரலாற்றையே இங்குக் கூற விழைகின்றோம்.

எர்வே த சேன்-டெனி 1822இல் பிறந்து 1892இல் மறைந்தவர். உலகம் அவரைச் சீனமொழி வல்லுநராகவே அறிந்திருந்தது. தாங் அரசர் காலத்துச் சீனக் கவிதைகளை 1862இல் பிரெஞ்சு மொழியில் தந்தவர் அவர். 1874 முதல் பாரிஸ் நகரின் கொலேழ் த பிரான்சில் சீனமொழிப் பேராசிரியராகவும் விளங்கினார்.

பதின்மூன்று வயதுச் சிறுவராயிருந்தபோது, விந்தையான கனவொன்றைப் படமாக வரைந்து வைத்தார். அந்த விளையாட்டே வழக்கமாயிற்று. நாள்தோறும் எழுந்தவுடன் இரவின் கனவுகளை எழுதலானார். வண்ணப் படங்களோடு கூடிய 22 குறிப்பேடுகள் நிறைந்தன. அவற்றில் அடங்கியவை 1946 இரவுகள். முதலில் மறதியே மிகுதி. எழுத எழுத நினைவு தெளிந்தது. 207ஆம் இரவிலேதான், 'இது கனவு' என்று கனவினுள்ளேயே அவர் முதன்முதல் உணர்ந்தார். 214ஆம் இரவில் மறுமுறை. ஆறு திங்கள் கழித்து, ஐந்து இரவுகளில் இரண்டில் அவ்வுணர்வு வாய்த்தது. ஓராண்டுக்குப்பின் நான்கில் மூன்றில். பதினைந்து திங்களில் ஏறக்குறைய நாள்தோறும். இக்கணக்கே அவர் நூலின் உயிர் என்பது நம் கருத்து. பிறவியிலேயே அமைந்த அரிய ஆற்றல் என்று எவரும் சொல்லித் தப்ப இயலாதவாறு, படிப்படியாக வளர்ந்ததை அவர் காட்டிவிட்டார்.

கொடிய உருவங்கள் அறை அறையாகத் தம்மைத் துரத்தும் கனவொன்று அவரைப் பலமுறை வாட்டியது. ஒருநாள் கனவென்று அறிந்துகொண்டு, ஓடாது நின்று, சுவரில் முதுகைச் சாய்த்து, ஓர் உருவத்தை உற்று நோக்கினார். அது மாதாகோயில் வாயிலிற் செதுக்கிய பூதமொன்றை ஒத்திருந்தது! நோக்க நோக்க ஏனையவை மறைந்தன. அதுவும் வடிவிழந்து, கடையில் தொங்கும் வேடிக்கை உடைபோல் ஆயிற்று. இன்று தீக்கனவால் துன்புறுவோர்க்கு மருத்துவர் சிலர் பயிற்றும் முறையும் இதனோடு உறவுடையதே.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோர்க்கு அவருடைய மற்றொரு சோதனை இன்னும் சுவை தரும். விவரே என்னும் மலைநாட்டிற்குச் செல்லுமுன் புதியதொரு வாசனைத் தைலத்தை வாங்கினார். அங்குத் தங்கிய நாளெல்லாம், உடனிருந்தோர் நகைத்தும் கேளாது, கைக்குட்டையில் அதைத் தெளித்துக்கொண்டார். புறப்படும் நாளில் புட்டியை மூடிவிட்டார். பல திங்கள் சென்றபின் அதைப் பணியாளிடம் கொடுத்து, தாம் அயர்ந்து உறங்கும் ஏதேனும் ஓர் இரவில், முன்னறிவிக்காமல், தலையணையில் சில துளி தெளிக்குமாறு பணித்தார். நாளை அவர் அறியின் எதிர்பார்ப்பே கனவை ஆக்கிவிடுமல்லவா? சில நாள் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் ஓரிரவு அம்மலைகள் கனவில் வந்தன. காலையில் வினவ, பணியாள் தைலம் தெளித்தது அவ்விரவிலேதான் எனத் தெரிந்தது. தலையணை அருகே மல்லிகை மணக்கப் பிறந்த ஊரைக் கனவிற் கண்டோர் இதற்கு வியப்படையார்.

1867இல் இவற்றையெல்லாம் நூலாக்கினார். ஆனால் தம் பெயரை அதில் இடவில்லை. நூல் விரைவில் கிடைத்தற்கரியதாயிற்று. எவ்வளவு முயன்றும் தமக்கு ஒரு படி கிட்டவில்லை என்று பிராய்டே எழுதியுள்ளார். 1913இல் டச்சு மருத்துவர் வான் ஈடன் இத்தகைய கனவுக்குத் 'தெளிகனவு' எனப் பொருள்படும் பெயரை வழங்கினார். எனினும் ஐயுற்றோர் பலர்: உறங்குபவன் அறிந்தான் என்பதற்கு அவன் சொல்லன்றி வேறு சான்று யாது?

சான்று கண்களிலிருந்து கிடைத்தது. கனவுறக்கத்தில் உடற்றசைகள் செயலற்றிருப்பினும் விழிகள் அசையும். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்பவர், கனவென்று உணர்ந்தவுடன் விழிகளை இடமும் வலமும் அசைக்குமாறு ஆலன் வோர்ஸ்லி என்பாரிடம் முன்னரே கூறிவைத்தார். உறங்கிக்கொண்டிருந்தவரின் விழியசைவு, சொல்லிவைத்தபடியே கருவியின் தாளில் கோடுகளாக விழுந்தது. அமெரிக்காவில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக ஆய்ந்து, 1981இல் இதே முடிவை வெளியிட்டார். ஹல் நகரில் அக்கோடுகள் விழுந்தபோது, பெயரில்லாத அந்தப் பிரெஞ்சு நூல் வெளிவந்து 108 ஆண்டுகள் ஆகியிருந்தன.