விடை கடைசியில் வரும் மொழி: கோட்டுரு வினவல்களின் வரலாற்றுக் குறிப்பு

அமரகோசம் விஷ்ணுவின் பெயர்களை அடுக்கியதோடு நிற்பதில்லை. அவருடைய தந்தை, தமையன், மகன், பேரன், மனைவி, சங்கு, வாகனம் ஆகியோர்க்கும் ஆகியவற்றுக்கும் உரிய பெயர்களைத் தொடர்ந்து தருகிறது. மனனம் செய்வதற்கான செய்யுள் நூல் என்று மட்டுமே பலரும் கருதிய இந்நிகண்டினுள் இனம், வகை, முழுமை, பகுதி, உறவுமுறை ஆகிய தொடர்புகளின் பின்னல் இருப்பதை ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் சிவஜா நாயரும் அம்பா குல்கர்னியும் 2010ஆம் ஆண்டு ஆய்வில் விளக்கினர். கணினியியலார் வழக்கில் இது ஒரு கோட்டுரு: சொற்கள் கணுக்கள், உறவுகள் அவற்றை இணைக்கும் கோடுகள். அதனிடம் வினவுவதற்கு ஒரு மொழி வேண்டும். அம்மொழி நிகண்டு கற்றவருக்கு எட்டுமா என்பதே சிக்கல்.

இது தரவுத்தள வரலாற்றின் பழைய வழக்குதான். சார்லஸ் பாக்மன் 1973ஆம் ஆண்டு டூரிங் விருது உரையில் நிரலரை மாலுமியாக உருவகித்தார்; தரவுக்குத் தரவு வழிகண்டு செல்வது அவர் பொறுப்பு. எட்கர் காட் 1970இல் முன்வைத்த அட்டவணை முறையோ அந்தச் சுமையை எந்திரத்திடம் விட்டது. அதற்கென ஐபிஎம் நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்சும் முதலில் அமைத்த ‘ஸ்கொயர்’ கணிதக் குறியீடுகளால் ஆனது. விசைப்பலகையில் தட்டுவதற்கே கடினமானது. 1974இல் ஆங்கிலச் சொற்களால் ஆன ‘சீக்வெல்’ வந்தது. ஃபிலிஸ் ரைஸ்னர் இரண்டையும் மாணவர்களிடம் சோதித்து, அம்முடிவுகளை 1975இல் அவ்விருவரோடு இணைந்து வெளியிட்டார். மொழியின் எளிமையைப் படைத்தவரின் நம்பிக்கைக்கு விடாமல் கற்பவரிடமே அளந்து பார்த்த அந்தச் செயல், இன்றும் போதிய அளவு பின்பற்றப்படுவதில்லை.

சீக்வெல்லின் வழிவந்த எஸ்க்யூஎல், ஆங்கில ஏவல் வாக்கியத்தின் சாயலில், ‘செலக்ட்’ என்ற வினையில் தொடங்குகிறது. எங்கிருந்து என்பது அதன் பின்னரே வரும். விஷ்ணுவின் மகனின் மகன் யார் என்று கேட்க, ஒவ்வொரு ‘இன்’ உருபுக்கும் ஓர் அட்டவணை இணைப்பு தேவைப்படும்.

எமில் ஐஃப்ரம் 2000ஆம் ஆண்டில் மும்பை செல்லும் விமானத்தில் ஒரு கைத்துடைப்புத் தாளில் கணுக்களையும் கோடுகளையும் வரைந்ததிலிருந்து நியோ4ஜே பிறந்ததாக அந்நிறுவனம் கூறிவருகிறது. அதற்காக ஆண்ட்ரெஸ் டெய்லர் 2011இல் உருவாக்கிய ‘சைஃபர்’ அந்தப் படத்தையே எழுத்தாக்கியது: கணு பிறை அடைப்புக்குள், உறவு அம்புக்குறியில். ‘ரிட்டர்ன்’ இறுதியில் வரும். தமிழை எண்ணிச் செய்ததன்று. எனினும் இடம் முதலிலும் வினை முடிவிலும் அமையும் நம் தொடர் வரிசைக்கு அது நெருக்கமானது. 2024 ஏப்ரலில் வெளியான ‘ஜிக்யூஎல்’ என்னும் பன்னாட்டுத் தரமும் இவ்வரிசையையே ஏற்றது.

அம்புக்குறியின் எளிமையிலும் ஒரு பொறி உண்டு. விஷ்ணுவிலிருந்து காமனுக்கு ‘மகன்’ என்று ஓர் அம்பு வரைந்தால், ‘விஷ்ணுவின் மகன் காமன்’ என்றும் கொள்ளலாம். ‘விஷ்ணு காமனின் மகன்’ என்றும் கொள்ளலாம். வேற்றுமை உருபு தீர்த்துவைக்கும் இந்த ஐயத்தை அம்பு தீர்ப்பதில்லை. தரவை அமைத்தவர் ஒரு திசையையும் வினவுபவர் மறு திசையையும் கொண்டால், எந்திரம் பிழை என்று சொல்லாது. வெற்று விடையைத் தரும். அமரகோசத்தில் அப்படி ஓர் உறவே இல்லை என்பதும், கேள்வி தலைகீழாக எழுதப்பட்டது என்பதும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும்.